படத்தில் கதவு தெரியவில்லை

சிங்கராயர் ஓய்வு பெற இன்னும் ஒரு வருடமும் ஏழு மாதமும் இருந்த நேரத்தில் அலுவலகத்துக்குத் துரிதன் வந்து சேர்ந்தான். அதற்குள் என்ன அவசரம் என்றுதான் சிங்கராயருக்குத் தோன்றியது. முப்பத்தோரு வருடம் புதிதாக எதுவும் வராமல் ஓடிவிட்டது. இந்தப் பத்தொன்பது மாதத்தையும் அப்படியே தள்ளியிருக்கலாம்.

அலுவலகம் என்பது மலைப்பகுதி விடுதிகள் பராமரிப்பு வாரியத்தின் கள்ளக்குறிச்சிக் கிளை. கல்வராயன் மலையில் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதிகளில் ஓடு உடைந்தாலும் குழாய் ஒழுகினாலும் கவனிக்க வேண்டிய வாரியம். கவனிப்பதற்கு ஏழு பணியிடம், அதில் மூன்று காலி. இருக்கிற நால்வரில் மனுக்களை வாங்கிப் பதிவு செய்து மேலே அனுப்புகிறவர் சிங்கராயர். சங்கராபுரத்திலிருந்து தினமும் பேருந்தில் வந்து போவார். உட்கார இடம் கிடைத்துவிட்டால் அன்றைக்கு நல்ல நாள் என்று எடுத்துக்கொள்ளும் மனிதர். அதற்கு மேல் எதிர்பார்த்துப் பழக்கமில்லை.

துரிதன் ஆள் இல்லை. செயற்கை நுண்ணறிவு உதவியாளர். அலுவலக மின்னஞ்சல், வாட்ஸ்அப், கோப்புச் செயலி, வருகைப் பதிவுச் செயலி, அதிகாரியின் நாட்காட்டி எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று கோத்துவிட்டால், அன்றாட வேலையை அதுவே பார்த்துக்கொள்ளுமாம். மனு வந்தால் படிக்கும், பதியும், பதில் எழுதும், அனுப்பும். மனிதன் கை வைக்கவே வேண்டாம் என்றார்கள். இதுவரை மட்டும் யார் கை வைத்தார்கள் என்று சிங்கராயர் நினைத்துக்கொண்டார்.

துவக்க விழாவில் மடிக்கணினிக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டுத் தேங்காய் உடைத்தார்கள். தேங்காய்த் தண்ணீர் விசைப்பலகையில் தெறித்து, அதைத் துடைத்துக் காயவைப்பதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. பிறகு கிளை அலுவலர் தமிழ்வேந்தன் பேசினார். மேடையில்லாத இடத்திலும் மேடையில் நிற்பவர் போலவே பேசுவார்.

"நண்பர்களே, இதுநாள் வரை மலைமக்கள் நமது வாசலில் வந்து காத்துக்கிடந்தார்கள். அந்தக் காட்சியைக் கண்டு நான் கலங்காத நாளில்லை. இனி அவர்கள் இவ்வளவு தூரம் வந்து காத்துக்கிடக்க வேண்டாம். அவரவர் வீட்டிலேயே காத்துக்கிடக்கலாம். இதைத்தான் வீடு தேடிச் செல்லும் சேவை என்கிறோம்."

எல்லாரும் கை தட்டினார்கள். சிங்கராயரும் தட்டினார். தட்டாதவர்களைத் துரிதன் குறித்து வைத்துக்கொள்ளும் என்று பக்கத்து மேசைக்காரர் சொல்லியிருந்தார்.

மறுநாள் பயிற்சி. சென்னைக் கம்பெனியிலிருந்து பகலவன் என்பவர் வந்திருந்தார். நல்ல பிள்ளை, எல்லாரிடமும் சிரித்துப் பேசினார். அவர் கேட்டது ஒன்றுதான். "சார், உங்க வேலைய ஒரே வரியில சொல்லுங்க. இது வந்தா இதைப் பண்ணுன்னு. மிச்சத்த அவன் பாத்துப்பான்."

ஒரே வரியில் யாராலும் சொல்ல முடியவில்லை. சிங்கராயர் முப்பத்தோரு வருடத்தையும் ஒரு சுற்று நினைத்துப் பார்த்தார். வருவதை வாங்கி அனுப்புவேன் என்றார். எங்கே என்று பகலவன் கேட்டார். வேறு இடத்துக்கு என்றார் சிங்கராயர். கேலி செய்கிறார் என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்க வேண்டும். சிங்கராயருக்குக் கேலி செய்யும் தெம்பெல்லாம் போய் வெகுகாலம் ஆகிறது.

கடைசியில் தமிழ்வேந்தனே ஒரு வழி சொன்னார். பன்னிரண்டு வருடக் கோப்பு முழுவதையும் துரிதனுக்குப் படிக்கக் கொடுத்துவிட்டால், நாம் எப்படி வேலை செய்கிறோம் என்று அவனே கற்றுக்கொள்வான் அல்லவா. பகலவனுக்கும் அது சரியாகப் பட்டது. நாலாயிரத்துச் சொச்சம் கோப்புகளைத் தூசு தட்டிப் படம் பிடித்து ஏற்றினார்கள். சிங்கராயருக்குப் பதினெட்டு நாள் தும்மல் நிற்கவில்லை.

இங்கே அந்த அலுவலகத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எந்த மனுவானாலும் முதல் தடவை திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்கு "ஒரு சுத்து விடறது" என்று பெயர். இதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. வந்த உடனே ஒரு வேலையைச் செய்துவிட்டால், தணிக்கைக்கு வருகிறவர்கள் இவ்வளவு அவசரம் ஏன் வந்தது என்று கேட்பார்கள். மூன்று சுற்று விட்டபின் செய்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. மூன்று சுற்றுக்குள் பாதி மனுக்காரர்கள் அலுத்துப்போய் வருவதை நிறுத்திவிடுவார்கள். மீதிப் பேருக்கு மார்ச் மாதக் கடைசியில் ஏதாவது நடக்கும். இது எந்த உத்தரவிலும் இல்லை. ஆனால் எல்லாக் கோப்பிலும் இருந்தது.

துரிதன் கெட்டிக்காரன். கோப்பில் இருந்ததைக் கற்றுக்கொண்டான்.

ஆடி மாதத்தில் ராஜாம்பாள் வந்தாள். வெள்ளிமலையைத் தாண்டி மூன்று கல் நடந்தால் வரும் மூங்கில்பட்டில் பெண்பிள்ளைகள் விடுதி இருக்கிறது. அங்கே சமையல்காரி அவள். காப்பாளர் பணியிடம் காலியாக இருப்பதால் காப்பாளரும் அவள்தான், சம்பளம் மட்டும் சமையல்காரிக்கு உரியது. சிங்கராயர் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே சொன்னாள்.

"ஒரு கதவு ஓணும் சார். பொட்டப் புள்ளைங்க குளிக்கிற ரூமுக்குக் கதவு இல்ல. கரையான் தின்னுட்டு பூட்ச்சி. என் பொடவையக் கட்டி வுட்டிருக்கேன். ஆடிக் காத்துல அது நிக்க மாட்டங்குது. புள்ளைங்க விடியறதுக்கு முன்ன எழுந்து ஓடைக்குப் போய்க்கினு இருக்குதுங்க."

முப்பத்தொரு பெண்கள் இருந்த விடுதியில் எட்டுப் பேரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றாள். பத்தாவது படிக்கும் எழில்மதியின் அப்பா சின்னக்கண்ணு, காலாண்டு விடுமுறைக்குள் கதவு வராவிட்டால் தன் பெண்ணைக் கேரளாவுக்கு மிளகு பறிக்கக் கூட்டிப் போய்விடுவதாகச் சொல்லிவிட்டானாம். குடிகாரன் இல்லை, முரடன் இல்லை. பெண்மேல் அக்கறை உள்ளவன். அதனால்தான் பயமாக இருக்கிறது என்றாள். சொன்னால் சொன்னபடி செய்துவிடுவான். எழில்மதி நன்றாகப் படிக்கிற பெண்.

சிங்கராயர் பேனாவை எடுத்தார். அப்புறம் ஞாபகம் வந்து கீழே வைத்தார். காகிதத்தில் மனு வாங்கக் கூடாது என்று உத்தரவு வந்து பத்து நாளாகிறது. ராஜாம்பாளின் கைப்பேசியை வாங்கி, துரிதனின் எண்ணைப் பதிந்து, அவள் சொன்னதை அப்படியே தட்டி அனுப்பினார். மூன்று நொடியில் பதில் வந்தது. இருவரும் சந்தோஷப்பட்டார்கள். முப்பத்தோரு வருடத்தில் இந்த அலுவலகம் மூன்று நொடியில் செய்த வேலையை சிங்கராயர் பார்த்ததே இல்லை.

'தங்கள் மனு பெறப்பட்டது. பழுதடைந்த கதவின் புகைப்படம் இணைக்கப்படவில்லை. குறையைச் சரிசெய்து மீண்டும் சமர்ப்பிக்கவும்.'

ராஜாம்பாள் பேருந்து ஏறி மலைக்குப் போனாள். கதவில்லாத வாசலைப் படம் பிடித்தாள். மூங்கில்பட்டில் மாரியம்மன் கோயில் மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே ஏறி நின்று அனுப்பினாள். இறங்குவதற்குள் பதில் வந்துவிட்டது.

'படத்தில் கதவு தெரியவில்லை. கதவு தெளிவாகத் தெரியும்படி மீண்டும் எடுத்து அனுப்பவும்.'

கதவு இல்லை என்பதுதான் குறை என்று எழுதினாள். இல்லாத பொருளைப் பராமரிக்க வாரிய விதிகளில் இடமில்லை, புதுக் கதவு வேண்டுமென்றால் பழைய கதவை ஒப்படைத்த ரசீதை இணைக்கவும் என்று வந்தது. பழைய கதவைக் கரையான் தின்றுவிட்டது என்று எழுதினாள். அதைப் படித்ததும் துரிதனுக்கு ஒரு தெளிவு பிறந்திருக்க வேண்டும்.

'மனு பூச்சிகள் தொடர்பானது எனக் கண்டறியப்பட்டு, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு மாற்றப்பட்டது. அப்படியொரு பிரிவு இவ்வாரியத்தில் இல்லாததால், மனு நல்ல முறையில் முடித்துவைக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

ராஜாம்பாள் ஐந்து நட்சத்திரம் கொடுத்தாள். ஏனம்மா கொடுத்தாய் என்று சிங்கராயர் போனில் கேட்டார். "கம்மியா போட்டு, அது கோச்சிக்கினு கதவு குடுக்காம பூட்ச்சின்னா இன்னா சார் பண்றது?" என்றாள்.  சிங்கராயரும் முப்பத்தோரு வருடமாக அந்தப் பயத்தில்தான் கும்பிடு போட்டுக்கொண்டிருக்கிறார்.

மறுபடி மனு. இந்தத் தடவை கரையான் என்ற பேச்சையே எடுக்காமல், குளியலறைக்குக் கதவு தேவை என்று மட்டும் சிங்கராயர் எழுதிக் கொடுத்தார். துரிதன் அதைப் படித்து, மதிப்பீட்டுப் பொறியாளருடன் ஒரு கூட்டத்துக்குத் தேதி குறித்தான். அந்தப் பணியிடம் ஆறு வருடமாகக் காலி. ஆனால் வருகைப் பதிவுச் செயலியில் பெயர் எடுக்கப்படாமல் கிடந்தது. அழைப்பு அந்தப் பெயருக்குப் போனது, அந்தப் பெயர் தானாகவே ஏற்றுக்கொண்டது. புதன்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டம் நடந்ததாகவும், கதவின் அவசியம் விரிவாக விவாதிக்கப்பட்டதாகவும், பொறியாளர் மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை என்றும் நடவடிக்கைக் குறிப்பு வந்தது. மாதக் கடைசியில் விடுப்பே எடுக்காத ஊழியர் என்று அந்தக் காலிப் பணியிடத்துக்குப் பாராட்டுக் கடிதமும் போனது. சிங்கராயருக்கு அந்த மாதம் காய்ச்சலில் இரண்டு நாள் போயிருந்தது. அவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

இதற்கு நடுவே வாரியத்தின் எல்லாக் கிளைகளிலும் மனு முடிப்பில் கள்ளக்குறிச்சிக் கிளை முதலிடம் பிடித்தது. ஒரு மனுவைத் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு தடவையும் ஒரு மனு முடிந்ததாகக் கணக்கு. மூங்கில்பட்டுக் கதவு மட்டும் அறுபத்துநாலு தடவை முடிந்திருந்தது. தமிழ்வேந்தனுக்குச் சால்வை போர்த்தினார்கள். வாரியத் தலைமையகத்தில் போர்த்தியது போதாமல், இங்கே வந்து இன்னொரு தடவை போர்த்தச் சொல்லிப் போட்டுக்கொண்டார்.

"முன்பெல்லாம் ஒரு மனுவை மறுக்க நமக்கு மூன்று மாதம் பிடித்தது. ஏழை மக்களின் மூன்று மாதம் நண்பர்களே, அது எவ்வளவு விலைமதிப்பற்றது. இன்று அதே வேலையை மூன்று நொடியில் செய்கிறோம். அந்த மிச்ச நேரத்தை எல்லாம் அவர்களுக்கே திருப்பித் தருகிறோம்."

அன்றைக்கு எல்லாரும் போனபிறகு சிங்கராயர் அவர் அறைக்குள் போய் நின்றார். மூங்கில்பட்டு விஷயத்தைச் சொன்னார். விடுமுறை நெருங்குகிறது, ஒரு பெண்ணின் படிப்பு நிற்கப்போகிறது, ஒரே ஒரு கதவுதான், ஐயா கையெழுத்துப் போட்டால் நாளைக்கே வாங்கிவிடலாம் என்றார். சிங்கராயர் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. தமிழ்வேந்தன் சால்வையை மடித்துக்கொண்டே, பரிவோடுதான் பதில் சொன்னார்.

"சிங்கராயர், நான் கையெழுத்துப் போட்டால் அது நான் செய்ததாகிவிடும். துரிதன் செய்தால் அது முறைப்படி நடந்ததாகிவிடும். உங்களுக்குப் புரியவில்லையா? கையெழுத்தே போடாமல் ஓய்வு பெறுவதுதான் என் லட்சியம். கடவுள் புண்ணியத்தில் இப்போது அதற்கு ஒரு கருவியும் கிடைத்திருக்கிறது."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி, கோயிலுக்கே வரவேண்டாம் என்று ஒரு பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பகலவன் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்து, சிங்கராயர் தானே ஒரு வரி எழுதிப் பார்த்தார். 'மூங்கில்பட்டிலிருந்து கதவு கேட்டு மனு வந்தால் திருப்பி அனுப்பாதே.' இதற்கு மேல் எளிய தமிழில் யாரும் கெஞ்ச முடியாது. தங்கள் ஆலோசனை வரவேற்கப்படுகிறது, மேலதிகாரியின் ஒப்புதலுக்கு அனுப்பப்படுகிறது என்று துரிதன் சொன்னான். மேலதிகாரியின் அஞ்சலைப் பார்ப்பதும் துரிதன்தான். அந்தத் துரிதன் இந்தத் துரிதனிடம், 'பார்வை' என்ற வரியில் கடித எண் குறிப்பிடப்படவில்லை என்று திருப்பி அனுப்பினான். இந்தத் துரிதன் வருத்தம் தெரிவித்துக்கொண்டான். இருவருக்கும் இடையில் நல்ல மரியாதை இருந்தது.

புரட்டாசி பிறந்தது. ஒரு வியாழக்கிழமை ராஜாம்பாள் கூப்பிட்டாள். அடுத்த வாரம் விடுமுறை. சின்னக்கண்ணு பையோடு வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேரளாவுக்குப் போகிற வண்டியில் பெண்ணையும் ஏற்றிவிடப்போகிறான். எழில்மதி சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். அழவில்லை என்றாள் ராஜாம்பாள். அழுதால் தேவலை என்றாள். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. அறுபத்தைந்தாவது மனு போடட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

போனை வைத்துவிட்டு சிங்கராயர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் துரிதனைப் பற்றியது அல்ல. அவன் எழுதிய ஒவ்வொரு வரியும் தான் எப்போதோ எழுதியது என்று அவருக்குத் தெரியும். குறையைச் சரிசெய்து மீண்டும் சமர்ப்பிக்கவும் என்பது அவர் கையெழுத்தில் நூற்றுக்கணக்கான கோப்பில் இருக்கிறது. அந்தப் பிள்ளை பகலவன் அவரைத்தான் பெட்டிக்குள் அடைத்துவிட்டுப் போயிருந்தார்.

தலையை நிமிர்த்தியபோது எதிரே கட்டளை மையம் தெரிந்தது. பழைய கோப்பறையைக் காலி செய்து, துரிதனுக்கென்று ஓர் அறை கட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு பெரிய டிவியும் குளிர்சாதனமும் மட்டும் இருந்தன. டிவியில் பச்சைக் கோடு ஒன்று மேலே ஏறிக்கொண்டே இருக்கும். துரிதன் அங்கே இல்லை, அவன் எங்கேயோ வெளிநாட்டில் இருக்கிறான் என்று பகலவன் சொல்லியிருந்தார். ஆனாலும் கோடு குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று ஏசி எந்நேரமும் ஓடியது. அந்த அறைக்கு ஒப்பந்தக்காரர் ஒரு கதவு போட்டிருந்தார். ரசீதில் 'உயர் பாதுகாப்புக் கதவு' என்று இருந்தது. சிங்கராயர் இரண்டு மாதமாக அதைப் பார்க்கிறார், இன்றுதான் பார்த்தார். வெளிர்நீலப் பிளாஸ்டிக். நடுவில் தாமரைப் பூ. உட்பக்கம் தாழ்ப்பாள். சோப்பு வாங்கி வைத்தால் குளிக்கப் போகலாம்.

வெள்ளி இரவு மனைவி இஞ்ஞாசியம்மாளிடம் சொன்னார். வேலைக்கு ஆபத்து வரலாம், ஓய்வூதியம்கூட இழுபறியாகலாம் என்றார். அந்த அம்மாள் உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே கேட்டாள். முடிவில் ஒன்றுதான் சொன்னாள்.

"எடுத்துக்கினு போங்க. யாராச்சும் கதவு எங்கன்னு கேட்டா, மனு குடுக்கச் சொல்லுங்க."

சனிக்கிழமை அலுவலகம் விடுமுறை. சாவி சிங்கராயரிடம் இருந்தது. திருப்புளியால் ஆறு மறையாணியைக் கழற்றுவதற்குள் வியர்த்துவிட்டது, ஏசி ஓடிக்கொண்டிருந்தும். திருடுவதற்கு இவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியாது. கதவு எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தது. தலையில் வைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தார். வழியில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் வணக்கம் வைத்தார்கள். கதவைத் தலையில் வைத்திருப்பவர் கையெடுத்துக் கும்பிட முடியாது, அதனால் தலையை மட்டும் ஆட்டப் பார்த்து, கதவும் சேர்ந்து ஆடியது.

கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை போகும் பேருந்தில் நடத்துநர், இன்னா பெருசு, மலையில வூடு கட்றீங்களா என்று கேட்டார். கதவுக்கும் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். சிங்கராயருக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து திரும்பும்போதெல்லாம் கதவு சரிந்து அவர் தோளில் சாய்ந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

சிங்கராயர் போனில் சொல்லியிருந்தபடி வெள்ளிமலையில் ராஜாம்பாள் நின்றிருந்தாள். பக்கத்தில் இன்னொரு ஆள். அவன்தான் சின்னக்கண்ணு. கதவு வருகிறதென்று ராஜாம்பாள் சொன்னதை நம்பாமல், பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தான். ஒரு வார்த்தையும் பேசாமல் கதவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். 

பொருத்தியதும் அவனே. நிலைச்சட்டத்தில் கரையான் தின்ற இடத்தைச் செதுக்கி, சிராய் அடித்து, கதவை நிறுத்தினான். கீழே நாலு விரல் இடைவெளி இருந்தது. ஒரு பலகையை அளவாக வெட்டி அதையும் அடைத்தான். பிறகு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டான். திறந்தான். மறுபடி போட்டான். பிறகு ராஜாம்பாளை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளச் சொல்லி, வெளியே இருந்து தோளால் ஒரு இடி இடித்துப் பார்த்தான். கதவு நின்றது. பெண்பிள்ளைகள் எல்லாரும் சுவரோரம் நின்று ஏதோ தேர்வு முடிவு பார்ப்பது போல அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உள்தாப்பா கெட்டியா கீது," என்றான். அவ்வளவுதான். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். எழில்மதி அவனுடன் போகவில்லை. அவள் உடுப்பு இருந்த பை அங்கேயே இருந்தது.  திருடிய பொருளைப் பார்த்து இப்படி மனம் நிறையும் என்று சர்ச்சில் பங்குச் சாமியார் சிங்கராயரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கதவு காணாமல் போனது கண்டுபிடிக்கப்பட்டது. சிங்கராயர் ஒளிக்கவில்லை. பத்தே காலுக்குத் தமிழ்வேந்தன் முன் நின்று, நான்தான் எடுத்தேன், மூங்கில்பட்டுக் குளியலறையில் இருக்கிறது என்றார். அலுவலர் முகம் சிவந்துவிட்டது. இதையெல்லாம் வாயால் சொல்லக் கூடாது, எழுத்தில், துரிதன் வழியாக, முறைப்படி வரவேண்டும் என்று கத்தினார்.

சிங்கராயர் முறைப்படி எழுதினார். கட்டளை மையத்தின் கதவை நான் கழற்றி எடுத்துச் சென்றேன் என்று ஒப்புக்கொண்டு அனுப்பினார். மூன்று நொடி.

'தங்கள் மனு பெறப்பட்டது. எடுத்துச் செல்லப்பட்ட கதவின் புகைப்படம் இணைக்கப்படவில்லை. குறையைச் சரிசெய்து மீண்டும் சமர்ப்பிக்கவும்.'

ராஜாம்பாளிடம் சொல்லிப் படம் வரவழைத்து இணைத்தார்.

'படத்தில் உள்ளது குளியலறைக் கதவு. பதிவேட்டின்படி காணாமல் போனது உயர் பாதுகாப்புக் கதவு. இரண்டும் ஒன்றல்ல. தங்கள் ஒப்புதல் வாக்குமூலம் நிராகரிக்கப்படுகிறது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

வாழ்க்கையில் முதல்முறையாக சிங்கராயர் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்.

தமிழ்வேந்தன் வேண்டுமானால் ஒரு தாளை எடுத்துத் தன் கையால் எழுதி நடவடிக்கை எடுத்திருக்கலாம். ஆனால் எழுதினால் அது அவர் செய்ததாகிவிடும். அதோடு, குளியலறைக் கதவு எப்படி உயர் பாதுகாப்புக் கதவாக ரசீதில் ஏறியது என்று யாராவது கேட்பார்கள். எனவே துரிதன் வழியாக ஒரு குறிப்பாணை அனுப்பினார். சிங்கராயரின் சார்பில் அதற்குத் துரிதனே பதில் போட்டான். அலுவலரின் சார்பில் துரிதன் அந்தப் பதிலைத் திருப்பினான். விசாரணை இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது. ஆயிரத்து நூறு கடிதம் தாண்டிவிட்டது. அதனால் கிளை இந்த வருடமும் முதலிடம் வரும் என்கிறார்கள். கட்டளை மையத்துக்குப் புதுக் கதவு கேட்டு அலுவலர் போட்ட மனுவும் நிலுவையில் இருக்கிறது. படத்தில் கதவு தெரியவில்லையாம்.

போன வாரம் ராஜாம்பாள் கூப்பிட்டாள். வீட்டுக்குப் போன எட்டுப் பெண்களும் திரும்பி வந்துவிட்டார்களாம். புதிதாக ஐந்து பேர் சேர்ந்திருக்கிறார்கள். எழில்மதி அரையாண்டில் கணக்கில் தொண்ணூற்றொன்று. அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள்.

"ஒரு தொல்ல சார். உள்ள போறவளுங்க வெளிய வர மாட்றாளுங்க. தாப்பா போட்டுக்கினு பாட்டு பாடிக்கினு கீறாளுங்க. எழில்மதி நேத்து அரை மணி நேரம். வெளிய முப்பத்தஞ்சு பேரு வரிசையில நிக்கறாளுங்க. பக்கத்துல இன்னொரு ரூம் சும்மா கெடக்குது. அதுக்கும் ஒண்ணு இருந்தா..."

மனு கொடுங்கள் என்று சொல்ல சிங்கராயர் வாயெடுத்தார். பழக்கம். சொல்லவில்லை. அகலம் எவ்வளவு என்று கேட்டார். மூன்றரைச் சாண் என்றாள். போனைக் காதோடு வைத்துக்கொண்டே எழுந்து, கிளை அலுவலரின் அறை வாசலுக்குப் போனார். உள்ளே தமிழ்வேந்தன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். சிங்கராயர் சத்தமில்லாமல் கதவில் கையை விரித்து வைத்து, ஒரு சாண், இரண்டு சாண் என்று அளந்தார்.